மரத்துக்கும் டிரெயினிங் உண்டு... சின்னாளப்பட்டி பந்தல் முதல் கலிஃபோர்னியா பிளம்ஸ் வரை!

சின்னாளப்பட்டினு சொன்னதும் சுங்குடிச் சேலை ஞாபகம் வருதா? அதே சுற்றுவட்டாரத்துல சிறுமலை அடிவாரம் பக்கம் போனீங்கன்னா, வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டினு திராட்சைப் பந்தல்களையும் பார்க்கலாம். கல்தூண், கம்பி வலை, மேலே பச்சைக் கூரை, கீழே தொங்குற கறுப்புக் குலைகள். ரீல்ஸுக்கு செம லொகேஷன்!

ஆனா, அந்தக் கொடி தானா அப்படிப் படரலை. ஒரே தண்டை நேரா மேலே ஏத்தி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளைக் கம்பியில் இழுத்துக் கட்டி, வருஷத்துக்கு ரெண்டு முறை கவாத்து பண்ணித்தான் இந்த வடிவத்துக்குக் கொண்டு வர்றாங்க. செடியை நமக்கு வேண்டிய வடிவத்துக்குப் பழக்குற இந்த வேலைக்குப் பேர்தான் 'டிரெயினிங்'.

இப்போ பறிக்க ஆள் கிடைக்கலைங்கிற பேச்சு எல்லாத் தோட்டத்துலயும் இருக்கு. 'மெஷின் வாங்கிட்டா முடிஞ்சது'னு நினைக்கிறோம். அங்கேதான் ஒரு சிக்கல். மெஷின் எவ்வளவு நல்லதா இருந்தாலும், மரம் அதுக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்கணும். அதை மரத்தோட முதல் மூணு, நாலு வருஷத்துலயே முடிவு பண்ணியாகணும்.

சில நொடியில் மொத்த மரமும் காலி

நம்ம மாவட்டத்துக் கொடைக்கானல்லயும் பிளம்ஸ் விளையுது. அங்கே கையாலதான் பறிக்கிறாங்க. கலிஃபோர்னியாவுல உலர் பிளம்ஸுக்காக வளர்க்கிற மரங்களோட கதையே வேற. இயந்திரக் கை ஒண்ணு வந்து அடிமரத்தைக் கவ்விப் பிடிக்கும். சில நொடி குலுக்கல். பழமெல்லாம் கீழே விரிச்ச சாய்வான துணியில் விழுந்து, உருண்டு பெட்டிக்குப் போயிடும்.

இதுக்கு மரம் எப்படி இருக்கணும்? முதல்ல, அடிமரம் நேரா, இடுப்பளவுக்குக் கிளையே இல்லாம இருக்கணும். அப்போதான் கவ்வ இடம் கிடைக்கும். ரெண்டாவது, அதுக்கு மேலே மூணு, நாலு முதன்மைக் கிளைகள் மட்டும், விறைப்பா மேல்நோக்கிப் போகணும். நீளமா, தொங்கலா இருக்கிற கிளைக்கு அதிர்வு சரியாப் போய்ச் சேராது. கயித்தோட ஒரு முனையைப் பிடிச்சு ஆட்டினா மறுமுனை சும்மா அசையுற மாதிரிதான். விறைப்பான கிளைன்னா, குலுக்கல் நுனி வரைக்கும் போய்ப் பழத்தை உதிர்த்துடும்.

இன்னொரு நுணுக்கம்... குலுக்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே தண்ணீர் பாய்ச்சுறதை நிறுத்திடுவாங்க. ஈரம் அதிகமா இருந்தா மெஷின் கவ்வுற இடத்துல பட்டை உரிஞ்சு, மரத்துக்கே ஆபத்தாகிடும்.

அப்போ எல்லாப் பழத்தையும் குலுக்கலாமா?

முடியாது பாஸ்! அங்கேயும் கடையில் அப்படியே விக்கிற பிளம்ஸை ஆள் வச்சுத்தான் பறிக்கிறாங்க. மேலேயிருந்து விழுந்தா அடிபடும், அடிபட்ட பழம் சீக்கிரம் அழுகும். உலர்த்துறதுக்கோ, ஜூஸுக்கோ போற பழம்னா சின்ன அடி பிரச்னையில்லை. ஆக, 'பழம் எங்கே போகுது?'ங்கிற கேள்விதான் முதல் கேள்வி.

நம்ம பன்னீர் திராட்சையையே எடுத்துக்கோங்க. திராட்சைக்குன்னே வரிசையை மேலிருந்து தாண்டி நின்னு, ரெண்டு பக்கமும் குச்சிகளால் தட்டி உதிர்க்கிற மெஷின் இருக்கு. 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெல்சன் ஷாலிஸ், ஜூஸுக்கான கான்கார்டு திராட்சைக் கொடியை ரெண்டு திரைச்சீலை மாதிரி பிரிச்சுத் தொங்கவிடுற முறையைக் கொண்டு வந்தார். மெஷினும் கொடியோட வடிவமும் சேர்ந்தே வளர்ந்த கதை அது.

நம்ம பந்தல்ல அந்த மெஷின் நுழையவே முடியாது. ஒரே கூரையா இருக்கிறதை எப்படித் தாண்டி நிக்கும்? அப்படியே நுழைஞ்சாலும், தட்டினா குலை உதிர்ந்து மணி மணியாப் போயிடும். சந்தையில நமக்கு வேண்டியது முழுக் குலை. பந்தல்ங்கிறது கைக்காகவே செஞ்ச வடிவம். குலை தலைக்கு நேரா தொங்கும். பார்த்து, தேர்ந்தெடுத்து வெட்டலாம். அதுக்கு விலை? நாள் முழுக்க கையைத் தூக்கி வேலை செய்றவங்களோட கழுத்தும் தோளும்தான்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. மகாராஷ்டிராவுல நிறைய தோட்டங்கள்ல 'ஒய்' வடிவக் கம்பிப் பந்தல் போடுறாங்க. வரிசைக்கு நடுவுல டிராக்டர் போகும், மருந்து தெளிக்கலாம், பறிக்கிறது மட்டும் கை.

உயரத்தைக் குறைச்சாலே பாதி வேலை மிச்சம்

பெரிய மெஷின் வர்றதுக்கு முன்னாடியே செய்யக்கூடிய விஷயம், மரத்தைக் குள்ளமா வச்சிருக்கிறது. பழைய முறையில மாமரத்துக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டா, ஒரு ஏக்கருக்கு 40 மரம். அடர் நடவுல 3-க்கு 2 மீட்டர்னு வச்சா 674 மரம். அறுவடை முடிஞ்சதும் கவாத்து பண்ணி உயரத்தைக் கட்டுப்படுத்துவாங்க. ஏணி, தொரட்டி எதுவும் வேண்டாம், தரையில நின்னே பறிக்கலாம்.

கொய்யாவுக்கு லக்னோவுல இருக்கிற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 2-க்கு 1 மீட்டர் முறையைக் கொண்டு வந்துச்சு. ஹெக்டேருக்கு 5,000 செடி! ஆனா கவனிங்க, இவ்வளவு நெருக்கமா நட்டா, பின்னாடி டிராக்டர் உள்ளே போறது கஷ்டம். ஒண்ணு கிடைச்சா ஒண்ணு போகும்.

நம்ம ஊர்ல குலுக்கலுக்கு ஏத்த மரம் எது?

யோசிச்சுப் பார்த்தா, உலர் பிளம்ஸுக்குச் சொந்தக்காரன் நம்ம புளிதான்! ஓடு இருக்கு, விழுந்தாலும் பாழாகாது. புளி உலுக்குறதுனு நாம காலங்காலமா செய்றதும் இதே வேலைதான். ஆனா அங்கே மெஷினுக்குப் பதிலா ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வச்சு உச்சிக்கிளையில நிக்கிறார். சாலையோரப் பெரிய புளியமரத்தை எந்த மெஷினாலும் குலுக்க முடியாது. பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தோட பி.கே.எம். 1 மாதிரியான ரகத்துல ஒட்டுக்கன்று வாங்கி, சின்ன வயசுலயே அடிமரத்தை நேராப் பழக்கினா, நாளைக்குக் குலுக்கல் மெஷினுக்கு ஒரு கதவு திறந்திருக்கும்.

வேலை போனவங்க என்ன ஆவாங்க?

இதைக் கேட்காம விடக்கூடாது. 1960-களில் கலிஃபோர்னியாவுல தக்காளி பறிக்க மெஷின் வந்தது. அதுக்காகவே கெட்டியான தக்காளி ரகத்தையும் டேவிஸ் பல்கலைக்கழகத்துல உருவாக்கினாங்க. சில வருஷத்துல ஆயிரக்கணக்கானவங்க வேலை இழந்தாங்க. மெஷின் வாங்க முடியாத சின்ன விவசாயிகளும் ஒதுங்கிட்டாங்க. ஏறக்குறைய 4,000 பேர் பயிரிட்ட இடத்துல, 1973 வாக்குல சுமார் 600 பேர்தான் மிச்சம். 1979-ல் பல்கலைக்கழகத்து மேலேயே வழக்கு போட்டாங்க.

ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் தோட்டங்கள் நிறைஞ்ச நம்ம பக்கத்துக்கு இது பெரிய பாடம். இங்கே பறிக்கிறதுல பெரும்பகுதி பெண்கள். மெஷினை ஊர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிறதா, அதை ஓட்டுற வேலை அந்தப் பெண்களுக்கும் கிடைக்குமாங்கிறதையும் சேர்த்தே பேசணும்.

கன்று நடுறதுக்கு முன்னாடி...

வீட்டுல தோட்டம் வைக்கிற பேச்சு நடந்தா, இந்த நாலு கேள்வியையும் கேளுங்க.

* பழம் கடைக்கா, ஜூஸுக்கா, உலர்த்தவா?
* வரிசை இடைவெளியில மினி டிராக்டர் திரும்ப இடம் இருக்கா?
* பத்து வருஷம் கழிச்சும் தரையில நின்னு பறிக்கிற உயரம்தானா?
* முதல் மூணு வருஷம் கவாத்து பண்ண யார் பொறுப்பு?

இடைவெளியை ஒருமுறை நட்டுட்டா மாத்த முடியாது. இருபது வருஷ மரத்தை வளைக்கவும் முடியாது. அதனால அளவு நாடாவைக் குழி வெட்டுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க!