தோட்டத்துப் படிக்கட்டும் சபைப் பணமும்

2013ஆம் ஆண்டு மழைக்காலம். என்னிடம் ஒன்பதாம் தரத்தில் தமிழ் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கட்டுரைக் கொப்பியோடு ஒரு கடிதத்தையும் மேசையில் வைத்தாள். "சேர், இதக் கொஞ்சம் திருத்தித் தாங்க. பிரதேச சபைக்குக் குடுக்கப் போறோம்" என்றாள்.

அவர்களுடைய லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்க மண்ணை வெட்டிய படிகள்தாம் உண்டு. மழை பெய்தால் படியும் இல்லை, பாதையும் இல்லை. அந்த மாதம் ஒரு கர்ப்பிணித் தாயைக் கம்பளியில் வைத்துத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். தூக்கியவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதைத்தான் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இது தோட்டம், சபைக்கு உரியதில்ல, தொரைகிட்டப் போய்க் கேளுங்கனு சொல்லிட்டாங்க சேர்." துரையிடமும் போயிருக்கிறார்கள். கம்பெனிக்கு எழுதுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதே ஆண்டில் பெரிய பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கட ஊருக்குக் கொங்கிரீட் பாதை கிடைத்தது. பெயர்ப்பலகையும் நட்டார்கள். இரு பக்கத்தாருக்கும் ஒரே பிரதேச சபை, ஒரே வாக்களிப்பு நிலையம். ஒரே வரிசையில் நின்றுதான் வாக்குப் போடுகிறோம். ஒரு பக்கத்துக்குப் பணம் வருகிறது, மறுபக்கத்துக்கு வராது என்றால் அது அதிகாரி ஒருவரின் மனப்போக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தபோதுதான் அது சட்டத்தின் குறை என்பது விளங்கியது.

கிராமத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள்

இலங்கையின் உள்ளூராட்சி கிராமத்தை மனதில் வைத்து வளர்ந்தது. தோட்டம் அதில் சேர்க்கப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் ஒரு தனி ராச்சியம். வீடு, தண்ணீர், மருந்து, பிள்ளைமடுவம் எல்லாம் துரையின் பொறுப்பு. 1930களின் இறுதியில் கிராமச் சங்கத் தேர்தல்களில் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோதும் தோட்டத் தொழிலாளர் வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டுரிமையையே பறித்தது. அந்தப் பிரச்சினைக்கான சட்டத் தீர்வு முழுமையடைய 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தல் 1991இல் நடந்தது. குடியுரிமை பெற்றிருந்த தோட்ட மக்களும் வாக்களித்தார்கள், அவர்களில் சிலர் உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் இருக்கும் பாதைக்கோ கிணற்றுக்கோ வேறு பொது வசதிக்கோ சபைப் பணத்தைச் செலவிட இடமில்லை என்றே சபைகள் அதற்குப் பொருள் கொண்டன. செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும் என்ற பயம் தவிசாளர்களுக்கு இருந்தது. தோட்ட மக்களின் வாக்கில் வென்ற மெம்பருக்கும் அவர்களுடைய லயத்துக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்க முடியவில்லை.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிட அதே சட்டம் சபைக்கு அதிகாரம் தருகிறது. தேயிலைக் காணி வரிக்கணக்கில் சேரலாம், அந்தத் தேயிலையைப் பறிப்பவர் குடியிருக்கும் இடம் செலவுக் கணக்கில் சேராது என்பதுதான் நிலைமை.

இது சிறிய தொகையினரின் பிரச்சினை அல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். முஸ்லிம்களாகிய நாம் ஏறத்தாழ இருபதில் ஒருவர். மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளும் ஹப்புத்தளை நகர சபையும் 15 பிரதேச சபைகளும் இருக்கின்றன. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹல்துமுல்லை போன்ற சபைகளின் எல்லையிலிருந்து தோட்டங்களை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஊரும் மக்களும் எவ்வளவு என்பதை இப்பக்கத்து வாசகர்கள் அறிவார்கள்.

2018இல் மாறியது

கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் இந்தப் பிரிவை மாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. மனோ கணேசன் தலைமையிலான தமிழ் முற்போக்குக் கூட்டணி அதை அரசியல் கோரிக்கையாக எடுத்தது. அந்நாளில் மாகாண சபைகள், உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் பைசர் முஸ்தபா. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி திறக்கப்பட்டது.

அதே ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் வட்டார முறையும் வந்தது. அதற்கு முன் "யாருடைய மெம்பர்" என்பதே தெரியாது. இப்போது வட்டாரத்துக்கென்று பெயர் சொல்லக்கூடிய உறுப்பினர் இருக்கிறார். பெண்களுக்கு 25 சதவீத இடமும் உறுதியானது.

ஆனால் சட்டம் திறந்த கதவு தானாகப் பணத்தைக் கொண்டுவந்து தராது. தோட்டக் காணி இன்னும் தோட்ட மக்களுடையதல்ல. 1970களில் அரசுடைமையான காணி, 1992 முதல் கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு படிக்கட்டுக்குக் கூட நடைமுறையில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படுகிறது. கிராமத்து மக்களுக்கு இல்லாத இந்த ஒரு கடிதம்தான் பல விண்ணப்பங்களை மேசையிலேயே தூங்க வைக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஊர்ச் சங்கங்களுக்குக் கிடைக்கும் சிறு நிதி மூன்று வழிகளில் வருவது வழமை. எதை எங்கே கேட்பது என்று தெரியாமல்தான் பலர் அலைகிறார்கள்.

முதலாவது சபையின் சொந்த நிதி. ஆதன வரி, ஏக்கர் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், மாகாணத்தின் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவை இதில் சேரும். பல சபைகள் இதில் ஒரு பங்கை வட்டாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. சிறு பாதை, வடிகால், பீலி, தெருவிளக்கு, சனசமூக நிலையத் திருத்தம் போன்றவற்றை இங்கேதான் கேட்க வேண்டும்.

இரண்டாவது பன்முகப்படுத்தப்பட்ட நிதி. 1974இல் தொடங்கிய ஏற்பாடு இது. பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசில், பிரதேச செயலகத்தின் ஊடாக வரும். மரணாதாரச் சங்கத்துக்குக் கதிரை, விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து என்று நாம் கண்டதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பணம்தான்.

மூன்றாவது மாகாண நிதி. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பரில் நடந்ததே கடைசித் தேர்தல். 2019 முதல் ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் நடக்கிறது. ஆகவே "மாகாண சபை மெம்பரைப் பிடிப்போம்" என்ற பழைய பேச்சுக்கு இப்போது பயனில்லை.

சங்கம் இல்லாமல் பணம் இல்லை

பணம் தனி ஆளுக்கு வருவதில்லை. ஓர் அமைப்பின் பெயரில்தான் வரும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்றால் பிரதேச செயலகத்தில் பதிவு வேண்டும். சனசமூக நிலையம் என்றால் உள்ளூராட்சித் திணைக்களத்தின் பதிவு வேண்டும். யாப்பு, அங்கத்தவர் பட்டியல், கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தோட்டத்தில் தொழிற்சங்கம் உண்டு, கோயில் கமிட்டி உண்டு, மரணாதாரச் சங்கமும் உண்டு. ஆனால் பதிவுள்ள சங்கம் அபூர்வம். சம்பளத்துக்கும் நாட்கூலிக்கும் தொழிற்சங்கத் தலைவரிடம் போய்ப் பழகியவர்களுக்குச் சபைக்குப் போகும் பழக்கம் உண்டாகவே இல்லை. போகாதது அவர்கள் பிழையுமல்ல. போனவர்களைச் சட்டமே திருப்பி அனுப்பியது. நமது ஊர்களில் நிலைமை வேறு. பள்ளிவாசல் நிர்வாக சபை ஒன்றை நடத்தும் ஜமாஅத்தினருக்குக் கூட்டக் குறிப்பு எழுதுவதும் கணக்கு வாசிப்பதும் புதிதல்ல. குருத்தலாவையானாலும் சில்மியாபுரவானாலும் ஒரு கடிதத்தை எந்தக் கந்தோருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். நமக்குக் கொங்கிரீட் கிடைத்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பெரிய பங்குண்டு.

விண்ணப்பத்தில் ஐந்து விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த இடம், எத்தனை குடும்பம், வேலையின் நீளம் அகலம், காணிக்குரியவரின் சம்மதம், சங்கத்தின் பங்களிப்பு. "எங்கள் கஷ்டத்தைப் போக்கியருள வேண்டும்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட "38 குடும்பங்கள், 80 படிகள், சிரமதானத்துக்கு நாங்கள் தயார்" என்று மூன்று வரி எழுதுவது மேல். தமிழ் ஆசிரியனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

பங்களிப்பு என்பது இங்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. தமிழ்நாட்டில் 'நமக்கு நாமே' திட்டத்தின் அடிப்படையும் அதுதான். மக்கள் ஒரு பங்கைப் போட்டால் அரசு மீதியைப் போடும். ஆனால் அங்கே ஒரு குறையும் தெரிந்தது. காசு திரட்ட வசதியுள்ள ஊர் முந்திக்கொள்ளும், இல்லாத ஊர் பின்தங்கும். நம் நாட்டில் உழைப்பையே பங்களிப்பாக ஏற்பது தோட்டத்துக்குச் சாதகமானது. அங்கே காசு குறைவாக இருந்தாலும் வேலை தெரிந்த கை குறைவில்லை.

வேளையும் முக்கியம். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் போய்க் கேட்டால் "பட்ஜட் முடிஞ்சி" என்பார்கள். செப்டம்பர், ஒக்டோபரிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், போய்ப் பார்க்கலாம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தமிழில் எழுதலாம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை.

சீமெந்துக் கடன்

நான் கண்ட ஒரு சிக்கல் சட்டப் புத்தகத்தில் இல்லாதது. சிறு வேலைகளைச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, இடையில் கொந்தராத்துக்காரர் இல்லை. ஆனால் பெரும்பாலும் வேலை முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து பார்த்த பிறகுதான் பணம் வரும். அதுவரை சீமெந்துக்கும் மணலுக்கும் யார் கொடுப்பது? நாட்சம்பளக்காரர்களின் சங்கம் இங்கேதான் மூச்சுத் திணறுகிறது.

அந்த மாணவியின் தோட்டத்தில் 2019இல் சங்கம் பதிவாயிற்று. சம்மதக் கடிதத்துக்கு ஐந்து தடவை துரையின் ஒபிசுக்கு நடந்தார்கள். பாதி வேலைக்கு ஒதுக்கீடு கிடைத்தது. சீமெந்தைக் கடனுக்குக் கொடுத்தவர் எங்கட பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். "எடுத்துட்டுப் போங்க புள்ள, பில் வந்த பொறகு பாப்பம்" என்றார். ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அவர் வட்டியும் கேட்கவில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. மேலிருந்து நாற்பது படிகள் கொங்கிரீட் ஆயின.

மீதி நாற்பதும் மண்தான். 2020இல் கொரோனா. 2022இல் பொருளாதார நெருக்கடி, சீமெந்து விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, அம்மாதம் நடக்க இருந்த தேர்தலும் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பதற்கு மெம்பரே இல்லை. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்து மறுபடி சபைகள் அமைந்தன.

அந்தப் பிள்ளை இப்போது மாதர் சங்கத்தின் செயலாளர். மீதிப் படிகளுக்கான கடிதத்தை அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாள். குடும்ப எண்ணிக்கை, அளவு, சங்கப் பதிவிலக்கம் எல்லாம் வரிசையாக இருந்தன. திருத்த ஒன்றும் இருக்கவில்லை. துரையின் கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "நாளைக்குப் போறோம் சேர், நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டாள். நானும் ஹாஜியாரும் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இதை வாசிப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் இருப்பீர்கள், ஜமாஅத்தில் கணக்கு எழுதுபவர்கள் இருப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் பதிவுள்ள சங்கம் ஒன்று இருக்கிறதா என்று ஒரு தரம் விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு யாப்பை எழுதிக் கொடுக்க உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதும்.