சமூக விரோத ஆளுமைக் கோளாறு: தடுக்க முடியுமா?

‘சமூக விரோதி’ என்ற சொல்லை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். மனநல மருத்துவத்தில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. பிறர் உரிமையை மதியாமை, ஓயாத பொய், ஏமாற்று, மூர்க்கம், செய்த தீங்குக்கு வருந்தாமை ஆகியவை ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்தால், அது ‘சமூக விரோத ஆளுமைக் கோளாறு’ எனப்படும். குற்றம் செய்தவர் அனைவருக்கும் இக்கோளாறு இருப்பதில்லை. கூச்சத்தால் ஒதுங்கி வாழ்வதும் இது அன்று.

18 வயது நிரம்பாதவருக்கு இப்பெயரைச் சூட்டக் கூடாது. ஆயினும், 15 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றிவிடும். விலங்குகளை வதைத்தல், தீ வைத்தல், திருடுதல், அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுதல் போன்றவை தொடர்ந்தால் அது ‘நடத்தைக் கோளாறு’. இத்தகைய சிறுவர் எல்லோரும் கெட்டுப்போவார்களா? அமெரிக்காவில் 524 சிறுவர்களின் பிற்கால வாழ்வை ஆராய்ந்த லீ ராபின்ஸ், இல்லை என்று 1966-இல் எழுதினார். முரட்டுச் சிறுவர்களுள் பெரும்பாலோர் இக்கோளாறுக்கு ஆளாகவில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் லாரி, தொப்பூர்க் கணவாயில் இறங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற வேண்டும். வேகம் மிகுந்தபின் பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். இக்கோளாறைத் தடுப்பதும் அப்படித்தான். தொடக்கத்திலேயே முயல வேண்டும்.

தமிழரும் வாழும் மொரீஷியஸ் தீவில் 1970-களில் இது சோதிக்கப்பட்டது. 3 முதல் 5 வயது வரை சில குழந்தைகளுக்குச் சத்துணவு, உடற்பயிற்சி, நல்ல மழலைக் கல்வி ஆகியவை அளிக்கப்பட்டன. இவற்றைப் பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இவர்களிடம் 17 வயதில் நடத்தைக் கோளாறும், 23 வயதில் குற்றச் செயல்களும் குறைவாக இருந்தன. 3 வயதில் ஊட்டக்குறைவோடு இருந்தவர்களே அதிகப் பயன் பெற்றனர். இம்முடிவுகள் 2003-இல் வெளியாயின. நம் ஊர் அங்கன்வாடியில் சோறும் பாட்டும் விளையாட்டும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் அடி உதை பயன் தராது. நல்ல செயலை உடனே பாராட்டுதல், தவறுக்குச் சிறிய, மாறாத தண்டனை தருதல் ஆகிய முறைகளைப் பெற்றோருக்குப் பயிற்றுவிப்பதே பலன் தரும்.

வளர்ந்தபின் இதைக் குணமாக்கும் மாத்திரை இல்லை. ஆனால் உடன் இருக்கும் குடிப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குழுவாக அமர்ந்து, செயலின் விளைவை எண்ணிப் பார்க்கப் பழகும் உளவியல் சிகிச்சையும் ஓரளவு உதவும். 40 வயதுக்குப்பின் பலரிடம் வேகம் தணிவதுண்டு. அதுவரை குடும்பத்தார் கொடுமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தம் பாதுகாப்பை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இலவசத் தொலைபேசி ஆலோசனைக்கு அரசின் 14416 எண் உள்ளது.