தட்டில் காளான், நாவில் பேக்கன்

சிங்கப்பூரின் வட எல்லையில், ஜொகூர் கடற்பாலத்திற்கு அருகே அமைந்திருக்கிறது மார்சிலிங். அங்குள்ள வீவக அடுக்குமாடிகளில், பன்றி இறைச்சி உண்ணும் குடும்பமும், அதைத் தொடாத முஸ்லிம் குடும்பமும், சைவ உணவு மட்டுமே உண்ணும் குடும்பமும் ஒரே தளத்தில் அண்டை வீட்டாராக வாழ்வது இயல்பான ஒன்று. தீபாவளிக்கு முறுக்கும் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரமும் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குச் செல்கின்றன. ஆனால், எல்லா உணவும் அப்படி எல்லா வீட்டு வாசலையும் தாண்டுவதில்லை. அவ்வாறு தாண்ட முடியாத உணவுகளுள் ஒன்று பேக்கன். அதே மணத்தையும் மொறுமொறுப்பையும் காளானிலிருந்து பெற முடியுமா? முடியும் என்கிறது சமையலறை அறிவியல். ஆனால், அதற்கு எல்லைகளும் உண்டு.

பழைய வழக்கம், புதிய பெயர்

இறைச்சியின் சுவையைக் காய்கறியில் கொண்டுவரும் முயற்சி புதியதன்று. சீனாவின் பௌத்த மடங்களில் கோதுமைப் புரதத்தையும் சோயாவையும் கொண்டு இறைச்சி போன்ற உணவுகளைச் சமைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் உள்ள சீனச் சைவக் கடைகளில் அதன் தொடர்ச்சியை இன்றும் காணலாம். தமிழர் வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. வாழைக்காயை நீளவாக்கில் சீவி, மீனுக்குத் தடவும் மசாலாவைத் தடவிக் கல்லில் வறுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பலாக்காயை இறைச்சிக் கறியைப் போலவே சமைப்பார்கள். மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை, ஆட்டிறைச்சிக் குழம்பின் மசாலாவோடு வெந்து வருவதும் பலருக்குப் பழக்கமான ஒன்றுதான்.

காளானும் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியம் அதை ‘ஆம்பி’ என்று குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 164ஆம் பாடலில் புலவர் பெருந்தலைச் சாத்தனார், நெடுநாள் சமைக்காமல் கிடந்த தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாகக் கூறி, வறுமையைக் குமணனுக்கு உணர்த்துகிறார். அன்று பசியின் அடையாளமாக அடுப்பில் முளைத்தது, இன்று பசியாற்ற அடுப்பில் ஏறுகிறது.

பேக்கன் என்பது என்ன?

பேக்கன் என்பது பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியிலிருந்து செய்யப்படுவது. இறைச்சியில் உப்பு சேர்த்துப் பதப்படுத்துவார்கள். பல வகைகளில் நைட்ரைட் என்னும் உப்பும் சேர்க்கப்படும். பிறகு புகையூட்டி, மெல்லிய துண்டுகளாகச் சீவுவார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் கெடாமல் காக்க மக்கள் கண்ட வழி இது. தமிழ்நாட்டு உப்புக்கண்டமும் கருவாடும் இதே தேவையிலிருந்து பிறந்தவைதாம். உப்பு, இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது.

ஆகவே, பேக்கனின் சுவையை நான்கு கூறுகளாகப் பிரிக்கலாம். அவை உப்பு, புகைமணம், இனிப்பு கலந்த ஆழ்சுவை, கொழுப்பில் வறுபட்ட மொறுமொறுப்பு ஆகியவை. இந்த நான்கையும் தாங்கக்கூடிய ஒரு பொருள் கிடைத்தால், பேக்கனை நினைவூட்டும் உணவைச் செய்துவிடலாம்.

காளான் ஏன் பொருந்துகிறது?

காளான் தாவரமன்று, விலங்குமன்று. அது பூஞ்சை என்னும் தனி உயிரினப் பிரிவைச் சேர்ந்தது. கீரை, கத்திரிக்காய் போன்றவற்றை நெடுநேரம் வேகவைத்தால் அவற்றின் செல்களைப் பிணைக்கும் பெக்டின் கரைந்து, அவை குழைந்துவிடும். காளானின் செல் சுவரிலோ கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டில் இருப்பதும் இதுதான். சமையலறை வெப்பத்தில் கைட்டின் கரையாது. அதனால், எவ்வளவு நேரம் வெந்தாலும் காளான் மெல்லுவதற்கு உறுதியாகவே இருக்கிறது.

காளான் வகைகளுள் இதற்கு மிகவும் ஏற்றது கிங் ஆய்ஸ்டர் எனப்படும் பெரிய சிப்பிக் காளான். இதன் தலை சிறியது, தண்டு தடித்தது. தண்டிலுள்ள நார்கள் மேலிருந்து கீழாக நீளவாக்கில் ஓடுகின்றன. எனவே, நீளவாக்கில் சீவினால் பேக்கனைப் போன்ற பட்டையான துண்டுகள் கிடைக்கும்.

காளானில் இயற்கையாகவே ஆழ்சுவை உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா, 1908இல் கொம்பு என்னும் கடற்பாசியை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். சோயா சாஸிலும் குளூட்டமேட் நிறைந்திருக்கிறது. உலர்ந்த ஷீட்டாக்கே காளானில் குவானிலேட் என்னும் மற்றொரு பொருள் இருக்கிறது. இவ்விரண்டும் சேரும்போது, தனித்தனியே தரும் சுவையைவிட மிகுந்த சுவை தோன்றுகிறது. சோயா சாஸில் ஊறவைத்த காளானுக்குச் சிறிதளவு உலர்காளான் பொடியைச் சேர்ப்பதன் காரணம் இதுவே.

செய்முறை

நான்கு பேருக்கு 250 கிராம் பெரிய சிப்பிக் காளான் போதுமானது. காளானை நீரில் ஊறவிடாமல் விரைவாகக் கழுவி, ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தண்டை நீளவாக்கில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். மிக மெல்லியதாகச் சீவினால் கருகிவிடும். தடிமனாகச் சீவினால் மொறுமொறுப்பு வராது.

ஒரு கிண்ணத்தில் 1 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி எண்ணெய், 1 தேக்கரண்டி குலா மலாக்கா அல்லது கருப்பட்டித் தூள், 1 தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி உலர்காளான் பொடி ஆகியவற்றைக் கலந்துகொள்ள வேண்டும். புகையூட்டிய மிளகாய்த்தூளில்தான் புகைமணம் இருக்கிறது. சாதாரண மிளகாய்த்தூள் காரத்தைத் தருமே தவிர, அந்த மணத்தைத் தராது. இந்தக் கலவையைத் துண்டுகளின் இருபுறமும் தடவி 20 நிமிடங்கள் வைக்க வேண்டும்.

ஓவன் இருந்தால், அதை 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்ப வேண்டும். 12 நிமிடங்கள் கழித்துத் திருப்பிப் போட்டு, மேலும் 8 முதல் 12 நிமிடங்கள் வரை வைக்கலாம். கடைசி நிமிடங்களில் கவனம் தேவை. கலவையில் இனிப்பு இருப்பதால், பொன்னிறத்திலிருந்து கருமைக்கு மாற நெடுநேரம் ஆகாது. ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல்லே போதும். மிதமான சூட்டில் துண்டுகளைப் பரப்பி, கரண்டியால் அழுத்தி, இருபுறமும் சிவக்க வறுக்கலாம். ஆறியபின் துண்டுகள் இன்னும் சற்று மொறுமொறுப்பாகும்.

மொறுமொறுப்பின் இரகசியம்

இந்தச் சமையலில் தவறு நேர்வது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். கல்லில் துண்டுகளை நெருக்கமாகக் குவித்தால், அவை வறுபடாமல் தம் நீரிலேயே வேகத் தொடங்கிவிடும். புதிய காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீர்தான். ஈரம் இருக்கும்வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டாது. சிவந்த நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் வேதிமாற்றமோ 140 டிகிரிக்கு மேல்தான் விரைவாக நிகழ்கிறது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரியும் இம்மாற்றத்தை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி காமில் மெய்யார். தோசையின் ஓரம் சிவப்பதும் காப்பிக் கொட்டை வறுபடும்போது மணப்பதும் இதனால்தான். எனவே, முதலில் நீர் வெளியேற இடம் தர வேண்டும். அதன் பிறகே நிறமும் மணமும் வரும்.

உடலுக்கு நல்லதா?

2015ஆம் ஆண்டு அக்டோபரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பேக்கன் உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது, பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டுவதாக அது கூறியது. புகையிலையும் அதே பிரிவில் இருக்கிறது என்பதால், இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று கொள்ளக் கூடாது. அப்பிரிவு ஆதாரத்தின் உறுதியைக் காட்டுகிறதே தவிர, ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை.

அப்படியானால் காளான் பேக்கனை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாமா? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. மேற்கண்ட அளவை நால்வர் பகிர்ந்தால், ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 225 மில்லிகிராம். ருசிக்காக இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினால், அது 675 மில்லிகிராமாக உயர்ந்துவிடும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு தொடுகறியிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிங்கப்பூரர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாக 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு காட்டியது. இறைச்சியை விலக்கிய உணவில் உப்பும் தானாக விலகிவிடுவதில்லை.

புரதத்திலும் வேறுபாடு உண்டு. 100 கிராம் காளானில் ஏறத்தாழ 3 கிராம் புரதமே இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. எனவே, வளரும் பிள்ளைகளின் காலை உணவில் காளான் பேக்கனை மட்டும் வைத்தால் போதாது. முட்டை, தவ் குவா, பருப்பு, சுண்டல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உடன் இருக்க வேண்டும். காளான் முதன்மையாகத் தருவது சுவையும் நார்ச்சத்தும்தான்.

கவனிக்க வேண்டியவை

மழைக்குப் பின் அடுக்குமாடிகளைச் சுற்றியுள்ள புல்வெளியில் வெண்மையான பெரிய காளான்கள் முளைப்பதுண்டு. அவற்றைப் பறித்துச் சமைக்கவே கூடாது. சிங்கப்பூரின் புல்வெளிகளில் முளைக்கும் சில காளான்கள், உண்ணக்கூடியவற்றைப் போலவே தோற்றமளிக்கும் நச்சுக் காளான்கள். பல காளான் நஞ்சுகள் சமைத்தாலும் அழிவதில்லை. மஞ்சளைச் சேர்த்தோ வெள்ளிக் கரண்டியைப் போட்டோ நஞ்சைக் கண்டறியலாம் என்பது வெறும் நம்பிக்கை. ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ வாங்கிய காளானே பாதுகாப்பானது.

மேலும், காளான் பேக்கன் உப்புக்கண்டத்தைப் போல நாள்கணக்கில் வெளியே இருக்காது. அதில் சேர்க்கும் உப்பு சுவைக்குத்தான். பதப்படுத்தும் அளவு அதில் இல்லை. ஆறியதும் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் உண்டுவிடுவது நல்லது.

அண்டை வீட்டாருடன் பகிரும்போது, சேர்த்த பொருள்களைச் சொல்லிக் கொடுப்பது நாகரிகம். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் இருப்பதால், கோதுமையோ சோயாவோ ஒவ்வாதவருக்கு அது ஆகாது. முஸ்லிம் நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தால், ஹலால் முத்திரை பெற்ற சாஸைப் பயன்படுத்த வேண்டும். பன்றி இறைச்சியின் பெயரே சிலருக்கு மனக்கசப்பை உண்டாக்கலாம். அவர்களிடம் அதைப் ‘புகைமணக் காளான் வறுவல்’ என்றே சொல்லலாம். பெயரை மாற்றுவதால் சுவை குறைந்துவிடாது.

சிறு தட்டும் பெரிய கேள்வியும்

சிங்கப்பூர் தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து பெறுகிறது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரில் விளைவிக்கும் இலக்கை 2019இல் அறிவித்த அரசாங்கம், 2025இல் அதை மாற்றியமைத்தது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காட்டையும் புரத உணவில் 30 விழுக்காட்டையும் உள்ளூரில் உற்பத்தி செய்வது புதிய இலக்கு. நார்ச்சத்து உணவுப் பட்டியலில் காய்கறி, அவரை முளை ஆகியவற்றோடு காளானும் இடம்பெற்றிருக்கிறது. காளான் வளரப் பெரிய வயல் தேவையில்லை. மரத்தூள், வைக்கோல் போன்ற கழிவுகள் அடைத்த பைகளை அடுக்கடுக்காக வைத்து, அறைக்குள்ளேயே அதை வளர்க்கலாம். நிலம் சுருங்கிய தீவுக்கு இது பொருத்தமான பயிர்.

ஆயினும், கடைகளில் கிடைக்கும் பெரிய சிப்பிக் காளான்களில் பல சீனா, கொரியா போன்ற நாடுகளிலிருந்து குளிரூட்டப்பட்ட பெட்டிகளில் வருகின்றன. உள்ளூர்ப் பண்ணைகள் நிலைக்க வேண்டுமானால், அவற்றின் விளைச்சலை வாங்குவோரும் வேண்டும். அடுத்த முறை சந்தைக்குச் செல்பவர் காளான் பொட்டலத்தைத் திருப்பி, அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்கலாம். வீட்டில் சமைப்பவர் சோயா சாஸை ஊற்றும் முன் கரண்டியால் அளக்கலாம். ஒரு தட்டுக் காளான் வறுவலில் இந்த இரண்டு முடிவுகளும் சமைப்பவரின் கையில்தான் இருக்கின்றன.