டெஸ்ட் கிளவுட், லைவ் கிளவுட்: எல்லை அழிந்தால் பறிபோவது யாருடைய தரவு?

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதன்மை சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. முறையான பேக்கப்புகள் எதுவும் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்னதாக, ஒரு சோதனைக்காக எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அதற்குப் பிந்தைய பதிவுகள் திரும்பவே இல்லை. எந்தச் சர்வரில் வேலை செய்கிறோம் என்ற குழப்பத்தில்தான் இது தொடங்கியது.

இன்று அந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் உண்மையான கிளவுடுக்குப் பணம் கட்டாமல் பழக, எமுலேட்டர்களைப் பயன்படுத்துகிறார்கள். அமேசானின் சேவைகளைப் போலவே நடந்துகொள்ளும் லோக்கல்ஸ்டாக், மைக்ரோசாஃப்ட் அஷூரின் சேமிப்பகத்தைப் போல இயங்கும் அஸூரைட் ஆகியவை நம் லேப்டாப்பிலேயே ஓடும். இவை நல்ல கருவிகள். ஆனால் இவற்றின் செட்டிங்குகள் பழகுவதற்காகவே தளர்வாக வைக்கப்பட்டவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆபத்துகள் எவை?

முதலாவது, முகவரி மாறுவது. லோக்கல்ஸ்டாக் வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட் 4566 என்ற முகவரியில் இயங்கும். நிரலில் இந்த முகவரியைக் குறிப்பிட மறந்தால், அமேசானின் மென்பொருள் தொகுப்பு தானாகவே உண்மையான கிளவுடைத் தேடிப் போகும். அந்தக் கணினியில் கிளவுடுக்குள் நுழைய உதவும் உண்மையான கீயும் இருந்தால், டெஸ்டுக்காக எழுதிய அழிப்புக் கட்டளை வாடிக்கையாளர் தரவின் மீது பாயும். இதன் மறுபக்கமும் உண்டு. எமுலேட்டரின் முகவரியோடு நிரலை லைவில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரில், ஏற்றினால், தரவு தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துபோகலாம்.

இரண்டாவது, அனுமதிச் சோதனை. லோக்கல்ஸ்டாக் இயல்பு நிலையில் யாருக்கு என்ன அனுமதி என்று கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. அங்கே ஓடிய நிரல் லைவில் அனுமதி இல்லாமல் நிற்கும். அவசரத்தில் 'எல்லாருக்கும் எல்லாம்' என்று திறந்துவிடுவார்கள். பிறகு அதை மூட யாருக்கும் நேரம் இருக்காது.

மூன்றாவது, கீ கசிவது. எமுலேட்டரின் பொய்க் கீயை நிரலுக்குள் எழுதிப் பழகிய கை, உண்மையான கீயையும் அங்கேயே எழுதும். 2016இல் ஊபர் நிறுவனத்தின் கிட்ஹப் களஞ்சியத்தில் இருந்த அமேசான் கீயைக் கொண்டுதான் 5.7 கோடிப் பேரின் தகவல்களைத் திருடினார்கள்.

நான்காவது, நிஜத் தரவை டெஸ்டில் கொட்டுவது. காவல் குறைந்த இடத்தில் மக்களின் கைப்பேசி எண்ணும் மருத்துவ விவரமும் கிடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, டெஸ்ட் சர்வர் என்பதற்காக யாருக்கும் சலுகை தரவில்லை. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தன்னைப் பற்றி என்ன தரவு இருக்கிறது என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும், குறை தீர்க்கக் கோரவும் மக்களுக்கு இச்சட்டம் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளும் இந்த உரிமைகளும் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. சைபர் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணையோ 2022 முதலே அமலில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

- டெஸ்டுக்கும் லைவுக்கும் தனித்தனி கிளவுட் கணக்கு வையுங்கள். நிரல் எழுதுபவரின் லேப்டாப்பில் லைவ் கீ இருக்கவே கூடாது.
- முகவரியையும் கீயையும் நிரலுக்கு வெளியே வையுங்கள். லைவில் லோக்கல்ஹோஸ்ட் முகவரி இருந்தால் செயலி தொடங்காமலே நிற்கும்படி எழுதுங்கள்.
- டெஸ்டுக்குக் கற்பனைத் தரவை உருவாக்குங்கள். நிஜத் தரவு தவிர்க்க முடியாததென்றால் பெயரையும் எண்ணையும் மறைத்த பிறகே எடுங்கள்.
- எமுலேட்டரில் தேறியதை நேரே லைவில் ஏற்றாதீர்கள். உண்மையான கிளவுடில், குறைந்த அனுமதிகளோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.
- பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டெடுத்தும் பாருங்கள்.

கீ கசிந்துவிட்டால் கோப்பை அழிப்பதால் பயனில்லை. நிரலின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் கீயை முடக்குங்கள். பிறகு பதிவேடுகளைப் பார்த்து யார் எதைத் தொட்டார்கள் என்று அறியுங்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் மறைக்காதீர்கள். ஊபர் ஓராண்டு மறைத்தது. 2018இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

வாடிக்கையாளர்களே, உங்கள் தகவல் கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். நிறுவனம் நடத்துவோரே, இந்த வாரமே உங்கள் டெஸ்ட் சர்வரைத் திறந்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நிஜப் பெயர் இருந்தாலும் அதை உடனே நீக்குங்கள்.