கதிரில் நஞ்சு, பிரசவ அறையில் மருந்து

கொட்டகலைத் தோட்டமொன்றில் நடுச்சாமத்தில் வலி கண்ட பெண்ணை லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. பிள்ளை பிறந்த பின்னும் ஆபத்து முடிவதில்லை. கருப்பை சுருங்காவிட்டால் குருதி நிற்காது. அதை நிறுத்தப் போடப்படும் ஊசிகளில் ஒன்று எர்கொமெட்ரின். அது ஒரு தானியப் பூஞ்சையிலிருந்து கிடைத்த மருந்து.

ரை, கம்பு போன்றவற்றின் கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில் கருத்த கொம்புபோல வளர்வதுதான் எர்கொட் பூஞ்சை. ரையில் வரும் இனத்தின் நஞ்சு இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். இடைக்கால ஐரோப்பாவில் அந்த மாவில் ரொட்டி தின்ற ஏழைகளின் கைகால்கள் கறுத்து அழுகி விழுந்தன. கம்பில் வருவது வேறு இனம். 1975இல் ராஜஸ்தானில் அதை உண்டவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றும் வந்தன. உப்புநீரில் கொட்டினால் பூஞ்சை மிதக்கும், அள்ளி எறியலாம்.

இறுக்கும் அந்தக் குணமே கருப்பையைச் சுருக்குகிறது. 1935இல் எர்கொமெட்ரினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். கொட்டகலை போலத் தேயிலை மலையான நீலகிரியில், மருந்துக்காகவே ரை பயிரிட்டு இப்பூஞ்சையை வளர்த்ததும் உண்டு.

இந்த ஊசிமருந்துக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். மின்சாரமில்லாத வன்னியில் பிரசவம் பார்த்தவர்களுக்கு அது என்ன பாடென்று தெரியும். உயர் குருதி அமுக்கம் உள்ள தாய்க்கு இதைப் போடக்கூடாது, அமுக்கம் இன்னும் ஏறிவிடும். கிளினிக் அட்டையில் அது எழுதியிருக்கும். அவசரத்தில் அட்டை லயத்திலேயே கிடந்துவிட்டால், "இவவுக்குப் பிரஷர் இருக்கு" என்று கூடப்போனவர்தான் தாதியிடம் சொல்லவேண்டும்.