ஊர்தி அலையின் கட்டப் பிழையும் ஓரியல் பண்பிறக்கமும்

முன்னுரை

இலக்கமுறைத் தொலைத்தொடர்பில் செய்தியை ஊர்தி அலையின்மீது ஏற்றுதல் பண்பேற்றம் எனப்படும். ஏற்பியில் அதனைப் பிரித்தெடுத்தல் பண்பிறக்கம் ஆகும். வரும் அலையின் கட்டத்தோடு இசைந்த அலையொன்றை ஏற்பி தானே உருவாக்கிச் செய்தியைப் பிரிப்பின், அது ஓரியல் பண்பிறக்கம். அவ்விரு அலைகளின் கட்டங்களுக்கு இடையே தோன்றும் வேறுபாடே கட்டப் பிழை. அப்பிழை செய்தியைக் குன்றச் செய்வதோடு திரிக்கவும் வல்லது என்பதை ஜி.பி.எஸ். குறிகையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

குன்றலும் திரிதலும்

இருநிலைக் கட்டப் பண்பேற்றத்தில் 0, 1 ஆகிய பிட்டுகள் 180 பாகை வேறுபட்ட இரு கட்டங்களாக அமைகின்றன. வரும் அலையைத் தன் அலையோடு பெருக்கி ஏற்பி வடிகட்டும்போது, வெளியீடு கட்டப் பிழையின் கொசைன் மதிப்புக்கு நேர் விகிதத்தில் அமையும். பிழை 60 பாகையாயின் வீச்சு பாதியாகவும் திறன் கால் பங்காகவும் குறையும், இரைச்சலோ குறையாது. 90 பாகையில் செய்தி முற்றும் மறையும். அதனைக் கடந்தால் 0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் படிக்கப்படும். 180 பாகையில் குறிகை முழு வலிமையுடன் விளங்கும்; பொருள் மட்டும் தலைகீழாகும்.

ஜி.பி.எஸ். குறிகையில் கட்டப் பிழை

ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் பொதுப் பயன்பாட்டுக் குறிகை, 1575.42 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இம்முறையிலேயே அனுப்பப்படுகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 19 செ.மீ. ஆதலின், துணைக்கோளுக்கும் ஏற்பிக்கும் இடையிலான தொலைவு 5 செ.மீ. அளவில் மாறினாலே கட்டம் ஏறத்தாழ 90 பாகை மாறிவிடும். துணைக்கோளோ நொடிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. விரைவில் இயங்குவது. எனவே கட்டத்தை ஒருமுறை கணித்தல் போதாது. இடைவிடாது பின்தொடர்தல் வேண்டும்.

இப்பணிக்கு, ஜான் காஸ்டாஸ் 1956இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கிய வளையம் பயன்படுகிறது. அது பிழையை உணர்ந்து ஏற்பியின் அலையைத் திருத்திக்கொண்டே இருக்கும். எனினும், பிட்டின் குறியைப் பொருட்படுத்தாத அமைப்பாதலால், 0 பாகையிலும் 180 பாகையிலும் அது ஒருபோலவே நிலைகொள்ளும். இந்த ஐயத்தைச் செய்தியின் அமைப்பே தீர்க்கிறது. 300 பிட்டுகள் கொண்ட ஒவ்வொரு பகுதியும் 10001011 எனத் தொடங்கும். அவ்விடத்தில் 01110100 என வரின், கட்டம் தலைகீழாகியுள்ளதை ஏற்பி அறிந்து பிட்டுகளை மாற்றிக்கொள்ளும். சரிபார்ப்புப் பிட்டுகள் அம்முடிவை உறுதிப்படுத்தும்.

முடிவுரை

குறிகையின் வலிமையை மட்டும் கொண்டு பண்பிறக்கத்தின் செம்மையை மதிப்பிட இயலாது. குன்றலை வளையம் தடுக்கிறது; திரிதலைத் தடுப்பதற்கு, அனுப்புநரும் பெறுநரும் முன்னரே அறிந்த பிட்டுத் தொடர் இன்றியமையாததாகிறது.