லோரி லைசென்ஸ் தேர்வில் பித்தாகரஸுக்கு என்ன வேலை?

பாசிர் கூடாங் துறைமுகத்துக்கோ தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்கோ செல்லும் கொள்கலன் லோரிகளைப் பார்க்காத ஜொகூர் மாணவர் இருக்க முடியாது. அந்த லோரி ஒன்று சந்தியில் இடப்பக்கம் திரும்புவதை அடுத்த முறை உற்றுக் கவனியுங்கள். அது உடனே இடப்பக்கம் வளையாது. முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். பிறகுதான் மெதுவாக இடப்பக்கம் திரும்பும்.

ஓட்டுநர் ஏன் அப்படிச் செய்கிறார்? அந்தக் காரணம் தெரியாமல் கனரக வாகனத் தேர்வில் தேற முடியாது. அது தெரியாமல் லோரியின் இடப்பக்க இடைவெளியில் மோட்டார் சைக்கிளை நுழைத்தால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். ஆகவே, லோரி ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் எடுக்கலாம்?

மலேசியாவில் கார் ஓட்ட 'டி' லைசென்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது 17. லோரிகளுக்கு 'இ' லைசென்ஸ். அதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சுமை ஏற்றாத நிலையில் 7,500 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள வாகனங்களுக்கு முழு 'இ' பிரிவு தேவை. எடை குறைந்த லோரிகளுக்கு 'இ1', 'இ2' என்ற பிரிவுகள் உள்ளன.

அதோடு முடியவில்லை. சரக்கு ஏற்றிப் பிழைப்பு நடத்த 'ஜிடிஎல்', பயணிகளை ஏற்ற 'பிஎஸ்வி' எனத் தனித் தொழில் லைசென்ஸும் வேண்டும். எழுத்துத் தேர்வு, பயிற்சித் திடலில் தேர்வு, சாலையில் தேர்வு என்று ஒவ்வொரு படியாகக் கடக்க வேண்டும். இவற்றை நடத்துவது ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகா.

கார் ஓட்டத் தெரிந்தவருக்கு லோரியும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீயரிங், பிரேக், கியர் எல்லாம் இரண்டிலும் உண்டுதான். ஆனால் நீளமும் எடையும் மாறும்போது வாகனத்தின் நடத்தையே மாறிவிடுகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றால் இயங்கும் பிரேக்

பேருந்து நிற்கும்போது 'புஸ்' என்று ஓர் ஓசை வருமே, அது என்ன? காரின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. பெரிய வாகனங்களின் பிரேக்கோ அழுத்தப்பட்ட காற்றால் இயங்குகிறது. என்ஜினோடு இணைந்த ஒரு கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. அங்கே அழுத்தம் சுமார் 8 பார் வரை இருக்கும். இது கார் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிரேக்கை விடும்போது வெளியேறும் காற்றுதான் அந்த 'புஸ்' ஓசை.

காற்று கசிந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். அதற்காகத்தான் வலுவான சுருள்வில் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஓடும்போது காற்றழுத்தம் அந்தச் சுருள்வில்லை அமுக்கி வைத்திருக்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால் சுருள்வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். அதாவது, காற்று போனால் வண்டி நிற்கும்.

ஆகவே, பெரிய வாகனத்தை எடுப்பவர் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பக் கூடாது. காற்றழுத்தமானியின் முள் போதிய அளவுக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். எங்காவது கசிவு ஓசை கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். டயர், விளக்கு, கண்ணாடி, எண்ணெய் ஆகியவற்றையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை நம் நாட்டு ஓட்டுநர் பயிற்சியில் 'ஆர்பிகே' என்பார்கள். இது தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியல் அல்ல. கிளம்பும் முன்பே கோளாறைக் கண்டுபிடிக்கும் கடைசி வாய்ப்பு.

திருப்பத்தில் ஒரு முக்கோணம்

இப்போது பித்தாகரஸுக்கு வருவோம். படிவம் ஒன்றிலேயே அவரைச் சந்தித்திருப்பீர்கள்.

ஒரு வாகனம் வட்டமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் மையம், பின் அச்சின் நடு, முன் அச்சின் நடு ஆகிய மூன்று புள்ளிகளையும் கோடுகளால் இணையுங்கள். ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். செங்கோணம் பின் அச்சில் இருக்கும். மையத்திலிருந்து முன் அச்சுவரை உள்ள தூரமே கர்ணம்.

முன் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்போம். காரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர். 100-இலிருந்து 6.25-ஐக் கழித்தால் 93.75. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.7. ஆகவே, காரின் பின் அச்சு 9.7 மீட்டர் ஆரத்தில் சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் 30 சென்டிமீட்டர்தான் வேறுபாடு.

பேருந்தைப் பாருங்கள். அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர். 100-இலிருந்து 36-ஐக் கழித்தால் 64. வர்க்கமூலம் 8. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட 2 மீட்டர் உள்ளே வெட்டிச் செல்லும்! இது தொடர்ந்து வட்டமாகச் சுற்றினால் வரும் அளவு. சந்தியில் கால் வட்டம் மட்டுமே திரும்புவதால் வேறுபாடு இதைவிடக் குறையும். ஆனாலும், நடைபாதை ஓரத்தில் நிற்பவரின் காலில் ஏற அது போதும். டிரெய்லர் இழுக்கும் லோரிக்கு இந்த வெட்டு இன்னும் பெரிது.

லோரி முதலில் வலப்பக்கம் ஒதுங்குவதன் காரணம் இப்போது புரிகிறதா? பின் சக்கரங்கள் உள்ளே வெட்டுவதற்கு ஓட்டுநர் முன்கூட்டியே இடம் விடுகிறார். அந்த இடம் காலி இடமல்ல. சில வினாடிகளில் லோரியின் உடல் அங்கே வரப்போகிறது. மேலும், உயரமான இருக்கையில் இருப்பவருக்கு இடப்பக்கக் கதவை ஒட்டிய பகுதி சரியாகத் தெரியாது. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பேருந்தின் பின் அச்சுக்குப் பின்னால் நீளமான வால் பகுதி இருக்கிறது. நிறுத்தத்திலிருந்து பேருந்து வலப்பக்கம் திரும்பி வெளியேறும்போது, அந்த வால் இடப்பக்கம் நடைபாதையை நோக்கி வீசும். ஓரக் கல்லில் நிற்காமல் ஓரடி பின்னால் நில்லுங்கள்.

பின்னோக்கிப் போவது ஏன் கடினம்?

டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது புதியவர்களைத் திணற வைக்கும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு அடிக்கோல்களை முனையோடு முனை சேர்த்து ஒட்டுநாடாவால் மடங்கும்படி இணையுங்கள். மேசைமேல் வைத்து முன் கோலைப் பிடித்து இழுங்கள். பின் கோல் ஒழுங்காகப் பின்தொடரும். இப்போது பின்னோக்கித் தள்ளுங்கள். சிறு கோணல் ஏற்பட்டாலும் அது வளர்ந்து இரண்டு கோல்களும் மடங்கிவிடும். விரல் நுனியில் துடைப்பத்தை நிறுத்துவது போன்றதே இது. அறிவியலில் இதை நிலையற்ற சமநிலை என்கிறோம்.

துடைப்பம் விழாமல் இருக்க என்ன செய்வீர்கள்? அது சாயத் தொடங்கும்போதே விரலைச் சிறிது நகர்த்துவீர்கள். லோரியிலும் அதே வழிதான். மிக மெதுவாக நகர வேண்டும். இரு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கோணல் சிறிதாக இருக்கும்போதே திருத்த வேண்டும். மீற முடியாத நிலை வந்தால், முன்னால் சென்று வண்டியை நேராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். வேகமாகத் திருப்புவது திறமை அல்ல.

நூறு மீட்டர் கணக்கு

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்போம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். குழாய்களின் வழியாகக் காற்று பாய்ந்து பிரேக் பிடிக்க இன்னும் அரை வினாடி. அது 12.5 மீட்டர். பிறகு, ஒவ்வொரு வினாடியும் வேகம் 5 மீட்டர் குறைந்தால், நிற்பதற்கு 62.5 மீட்டர் வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 100 மீட்டர். ஏறக்குறைய ஒரு கால்பந்துத் திடலின் நீளம். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். இதனால்தான் லோரிக்கு முன்னால் திடீரென நுழைந்து பிரேக் பிடிப்பது மிகப் பெரிய தவறு.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமை. 16 டன் பேருந்து 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, சுமார் 4 கோடியே 80 லட்சம் ஜூல் ஆற்றல் விடுபடுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள 150 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அத்தனையையும் பிரேக்கின் மீது சுமத்தினால் அது பழுக்கக் காய்ந்து பிடிமானத்தை இழக்கும். எனவே, இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, என்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தருகிறார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2016 டிசம்பர் 24-ஆம் தேதி ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற விரைவுப் பேருந்து பாகோ அருகே விபத்துக்குள்ளாகி 14 பேர் உயிரிழந்தனர். 2025 ஜூன் 9-ஆம் தேதி கிரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். ஒவ்வொரு விபத்துக்கும் காரணங்கள் வேறுபடலாம். ஆனால், பெரிய வாகனத்தில் நேரும் ஒரு பிழை ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை என்பதை மூன்றும் காட்டுகின்றன.

உங்களில் சிலர் நாளை லோரியோ பேருந்தோ ஓட்டலாம். ஜொகூரின் துறைமுகங்களும் தொழிற்பேட்டைகளும் அத்தகைய ஓட்டுநர்களை நம்பித்தான் இயங்குகின்றன. அவர்களின் வேலை எண்கணிதமும் இயற்பியலும் கலந்த வேலை என்பதை இப்போது அறிவீர்கள். லைசென்ஸ் எடுக்க இன்னும் வயது வராவிட்டாலும் ஒன்றை இன்றே தொடங்கலாம். சாலையில் லோரி திரும்பும்போது, அதன் பின் சக்கரம் எந்த வழியாகப் போகும் என்று மனத்துக்குள் ஒரு முக்கோணம் வரையுங்கள். அந்த முக்கோணத்துக்குள் நீங்கள் நிற்காதீர்கள்.